கார்வெட் சி8: காசைக் கொட்டிய இடமும் கையை இறுக்கிய இடமும்

செவர்லே கார்வெட் ஸ்டிங்ரே, எட்டாம் தலைமுறை. 2021 மாடல், உள்வசதிகளின் மூன்று ரகங்களில் (1எல்டி, 2எல்டி, 3எல்டி) நடுவிலுள்ள 2எல்டி, வேகமாக ஓட்டுகிறவர்களுக்கான இசட்51 பேக்கேஜோடு. ஒருவர் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு விற்றதை வாங்கினேன். வீடு மிச்சிகனில். சாலையில் உப்புக் கொட்டும் மாதங்கள் முழுக்க வண்டி கராஜில் பேட்டரி சார்ஜரோடு கிடக்கும். பனி போனதும் வெளியே எடுப்பேன்.

எழுதுகிறவள் யார் என்று தெரிந்தால்தான் சொல்வதை எடைபோட முடியும். டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனிகளுக்கு அலுமினிய டை காஸ்டிங் (உருகிய உலோகத்தை அச்சுக்குள் அழுத்தி வார்ப்பது) செய்துகொடுக்கும் ஆலையில் எனக்கு வேலை. இந்தக் காருக்கு எங்கள் ஆலையிலிருந்து ஒரு துண்டுகூடப் போகவில்லை, அதனால் தைரியமாகப் பேசலாம். பல வருஷம் இந்தத் தொழிலில் இருந்தால் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். யார் புதுக் கார் வாங்கினாலும் வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் குனிந்து அடியைப் பார்ப்பேன். கம்பெனி எங்கே கை தாராளமாகச் செலவழித்தது, எங்கே கையை இறுக்கியது என்பதெல்லாம் அடியில்தான் எழுதியிருக்கும். அப்படிப் படிக்க இந்தக் காரைவிடச் சுவாரசியமான வண்டியை நான் பார்த்ததில்லை.

காரணம் விலை. 2019 ஜூலை 18 அன்று கலிஃபோர்னியாவின் டஸ்டினில் இதை மேடையேற்றினார்கள். விலை 60,000 டாலருக்குள் என்று அறிவித்தபோது, இந்தத் தொழிலில் இருக்கும் எங்களில் பலருக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு உறுதியான ஆரம்ப விலை 59,995 டாலர். டிரைவருக்குப் பின்னால் இன்ஜின் வைத்த கார் என்றால் ஃபெராரி, லம்போர்கினி, மெக்லாரன் என்று போகும் பட்டியல். அதில் எதுவும் அதன் இரண்டு மடங்குக்குக் குறைவாகக் கிடைக்காது. ஒரு நல்ல பிக்கப் டிரக் வாங்கும் காசுக்கு இதை எப்படிக் கொடுத்தார்கள் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் நடந்த மோட்டோராமா கண்காட்சியில் முதல் கார்வெட்டைக் காட்டினார்கள். ஹார்லி எர்ல் வரைந்த ஃபைபர்கிளாஸ் உடம்பு, பார்க்கப் பிரமாதம். உள்ளே ஆறு சிலிண்டர், 150 குதிரைத்திறன், இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். அந்த வருஷம் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் கையால் கட்டியது 300 கார். கண்காட்சியில் அதைப் பார்த்தவர்களில் ஒருவர் சோரா ஆர்குஸ்-டன்டோவ். பிரஸ்ஸல்ஸில் பிறந்து, ரஷ்யாவில் வளர்ந்து, பெர்லினில் படித்த இன்ஜினியர். உடம்பு அழகாக இருக்கிறது, உள்ளேதான் சரக்கு இல்லை என்று அவருக்குப் பட்டது. செவர்லேயின் தலைமை இன்ஜினியர் எட் கோலுக்குக் கடிதம் எழுதி, அதே வருஷம் மே மாதம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

இன்ஜினைப் பின்னால் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணத்தை அவருக்குள் ஆழமாக இறக்கியது வெப்பம். 1957-ல் செப்ரிங் பந்தயத்துக்கு மெக்னீசிய உடம்போடு கார்வெட் எஸ்எஸ் என்ற ஒரு காரை எடுத்துப்போனார். முன்னால் இருந்த இன்ஜினின் சூடு உள்ளே அடைத்துக்கொண்டு ஓட்டுநரை வேகவைத்தது. 23 சுற்றோடு வண்டி நின்றது; நிறுத்தியது சஸ்பென்ஷன் கோளாறுதான், ஆனால் அந்தச் சூடு அவர் மனதை விட்டுப் போகவில்லை. 1960-ல் இன்ஜின் நடுவில் உட்கார்ந்த செர்வ் 1 என்ற ஒற்றை இருக்கைச் சோதனைக் கார் வந்தது. 1964-ல் நான்கு சக்கரமும் இழுக்கும் செர்வ் 2. 1970-ல் நியூயார்க் கண்காட்சியில் எக்ஸ்பி-882. ஒவ்வொரு தடவையும் மேலிடத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரே பதில்: இப்போது இருக்கிற கார்தான் நன்றாக விற்கிறதே, எதற்கு இவ்வளவு செலவு? 1975-ல் அவர் ஓய்வு பெற்றார். அவர் பார்த்து வளர்த்த திட்டமொன்று ஏரோவெட் என்ற பெயரில் 1980 மாடலாக வரும் என்று பேச்சு இருந்தது. அதுவும் வரவில்லை. 1996-ல் அவர் காலமானார். கென்டக்கியின் பௌலிங் கிரீனில் கார்வெட் ஆலைக்குப் பக்கத்திலேயே இருக்கும் அருங்காட்சியகத்தில்தான் அவருடைய அஸ்தி இருக்கிறது.

2000-களின் பிற்பாதியில் மறுபடி முயன்றார்கள். 2009-ல் செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸே திவாலானது, திட்டம் அலமாரிக்குப் போனது. ஏழாம் தலைமுறை பழையபடி முன்னால் இன்ஜினோடு வந்தது. அதன் உச்சமான இசட்ஆர்1-க்கு 755 குதிரைத்திறன். அதற்குமேல் சக்தியைக் கூட்டினால் பின் சக்கரம் தரையைப் பிடிக்காமல் சுற்றும். பின் சக்கரத்தின்மேல் எடை உட்கார்ந்தால்தான் பிடிமானம், எடை உட்கார வேண்டுமானால் இன்ஜின் அங்கே போக வேண்டும். முன்னால் வைத்தே இழுத்துவந்த பாதை முடிந்துவிட்டது என்று தலைமை இன்ஜினியர் டாட்ஜ் யூக்டர் மேலிடத்தை ஒப்புக்கொள்ள வைத்தார். ஆரம்ப காலச் சோதனை வண்டிக்கு ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் யூட் என்ற சின்ன பிக்கப்பின் உடம்பை மாட்டி ஓட்டினார்கள். பிளாக்ஜாக் என்று பெயர். பின்னால் சாமான் ஏற்றும் இடத்தில் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் ஒளிந்திருந்தது. படத்தைப் பார்த்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும்.

சரி, இப்போது அடிப்பக்கம். இந்தக் காரின் சட்டகத்தில் பெட்ஃபோர்ட் சிக்ஸ் என்று ஆறு பெரிய அலுமினிய வார்ப்புகள் உண்டு. இண்டியானாவின் பெட்ஃபோர்டில் இருக்கும் ஜெனரல் மோட்டார்ஸின் சொந்த வார்ப்பாலையில் செய்தவை. சாதாரணமாக இந்த இடத்தில் சின்னச் சின்னத் துண்டுகளை வளைத்து, வெல்டு போட்டு, ஒட்டி, ரிவெட் அடித்துச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு இணைப்பும் ஒரு செலவு, ஒரு எடை, ஒரு பலவீனம். அத்தனையையும் ஒரே வார்ப்பாக எடுத்துவிட்டால் இணைப்புகள் குறையும். ஆனால் பெரிய, மெல்லிய வார்ப்பை ஓட்டை உடைசல் இல்லாமல் எடுப்பது லேசான வேலை இல்லை. உருகிய அலுமினியம் அச்சின் மூலை வரை போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும், காற்று மாட்டிக்கொள்ளும். ஒரு நண்பரின் பட்டறையில் காரை லிஃப்ட்டில் ஏற்றி, பின் சஸ்பென்ஷன் மாட்டும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவர் மெல்லிசு, குறுக்கே விலா எலும்பு மாதிரி பட்டைகள், தேவை இல்லாத இடத்தில் ஒரு கிராம் உலோகம் இல்லை. எங்கள் ஆலையில் இப்படி ஒரு அச்சு வந்தால் அச்சு செய்யும் டூலிங் ஆட்கள் ஒரு வாரம் என்னோடு பேசமாட்டார்கள். காசைக் கொட்டிய இடம் இதுதான்.

பின் பம்பருக்குள் இருக்கும் வளைந்த பீம் கார்பன் ஃபைபர். முன்னாலும் பின்னாலும் சாமான் வைக்கும் தொட்டிகள் தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசான பிளாஸ்டிக் கலவை. கண்ணில் படாத இந்த மாதிரி இடங்களில் இவ்வளவு அக்கறை காட்டிவிட்டு, கண்ணில் படுகிற சில இடங்களில் கையை இறுக்கியிருக்கிறார்கள். அடிப்படை மாடலின் உள்ளே கை அடிக்கடி படாத இடங்களில் கடினப் பிளாஸ்டிக். இன்ஜினும் அப்படித்தான், ஆனால் அதில் எனக்குக் குறை இல்லை. எல்டி2 என்ற 6.2 லிட்டர் வி8, ஒரே கேம்ஷாஃப்ட், புஷ்ராட், சிலிண்டருக்கு இரண்டே வால்வு. காகிதத்தில் படித்தால் தாத்தா காலத்து அமைப்பு. அதனால்தான் உயரம் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு. எண்ணெயைத் தனித் தொட்டியில் வைத்து இன்ஜினுக்கு அனுப்பும் டிரை சம்ப் அமைப்பு எல்லா மாடலிலும் உண்டு. வளைவில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி இன்ஜின் வறண்டுபோகும் பயம் இல்லை. இசட்51-ல் வரும் எக்ஸாஸ்டோடு சேர்த்து 495 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் தொட 2.9 விநாடி.

நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் பாதி சிலிண்டர்களை அணைத்துவிட்டு நான்கில் ஓடும். 2020 மாடலின் அரசு மைலேஜ் கணக்கு நெடுஞ்சாலையில் கேலனுக்கு 27 மைல், அதாவது லிட்டருக்குப் பதினொன்றரை கிலோமீட்டர். ஊருக்குள் 15 மைல்தான், அதை யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

கோடையில் அம்மா சேலத்திலிருந்து வந்திருந்தார். காரைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்துவிட்டு, "கைப்பிடியே இல்லாத கதவைக் காசு கொடுத்து வாங்கியிருக்கியேடி" என்றார். கைப்பிடி இருக்கிறது. பக்கவாட்டில் இன்ஜினுக்குக் காற்றுப் போகும் பெரிய வாயின் மேல் விளிம்புக்கு அடியில் ஒளித்திருக்கிறார்கள். புடவையோடு இவ்வளவு தாழ்ந்த காரில் எப்படி ஏறுவார் என்று எனக்குக் கவலை. முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிவிட்டார், அவ்வளவுதான். இது சும்மா நடந்ததில்லை. காரின் நடுவில் ஓடும் சுரங்கம் போன்ற பகுதியைத்தான் முதுகெலும்பாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பலம் முழுக்க அங்கே இருப்பதால் கதவுக்குக் கீழே தாண்டிப்போகும் விளிம்பு தடிப்பாக இருக்கத் தேவையில்லை. சில இத்தாலிய, ஆங்கிலேயக் கார்களில் அந்த விளிம்பைத் தாண்ட யோகாசனம் தெரிந்திருக்க வேண்டும்.

அதே முதுகெலும்புதான் கையால் மாற்றும் கியரையும் காவு வாங்கியது. கியர் குச்சியிலிருந்து பின்னால் இருக்கும் பெட்டிக்கு இணைப்புப் போக வேண்டுமானால் அந்தச் சுரங்கத்தில் ஓட்டை போட வேண்டும், ஓட்டை போட்டால் பலம் போகும். கிளட்ச் மிதிக்கும் இடத்துக்கும் தட்டுப்பாடு. வாங்குகிறவர்கள் குறைந்துகொண்டே போகும் ஒரு கியர்பெட்டியைப் புதிதாக வடிவமைத்துத் தர யாரும் முன்வரவும் இல்லை. ஆகவே டிரெமெக் செய்த எட்டு வேக இரட்டைக் கிளட்ச் பெட்டி மட்டும்தான். 'குச்சி இல்லாத கார்வெட்டா' என்று பழைய ரசிகர்கள் போட்ட சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு இதில் வருத்தம் கொஞ்சம்கூட இல்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்பை இழுத்த நொடியில் கியர் மாறிவிடுகிறது. நெரிசலில் அதே பெட்டி சாதுவாக ஊர்கிறது.

ஓட்டும்போது முதலில் தெரிவது பார்வை. முந்தைய கார்வெட்டைவிட இருக்கையை 16.5 அங்குலம் முன்னால் தள்ளிவிட்டார்கள். முன்னால் நீண்ட பானெட் இல்லை, மூக்குச் சட்டென்று கீழே இறங்கிவிடும், அதனால் சாலை காலடியிலிருந்தே தொடங்குகிறது. மிச்சிகனில் ஹெல் என்று ஒரு குட்டி ஊர் உண்டு (ஆமாம், பெயரே அதுதான், டி-ஷர்ட் விற்றே பிழைக்கிறார்கள்). அதன் வழியாகப் போகும் பேட்டர்சன் லேக் ரோடு முழுக்க வளைவும் மேடுபள்ளமும். முன்னால் இன்ஜின் இருக்கும் காரில் வளைவுக்குள் நுழையும்போது மூக்கு ஒரு கணம் யோசிக்கும். இதில் யோசிப்பதே இல்லை, கை திரும்பியதும் கார் திரும்பிவிடுகிறது. வளைவிலிருந்து வெளியேறும்போது மிதித்தால் பின்பக்கம் குந்திக்கொண்டு பாய்கிறது. 1963-லிருந்து கார்வெட்டின் பின்னால் குறுக்கே படுத்திருந்த பட்டை ஸ்பிரிங்கை இதில் எடுத்துவிட்டு நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங் போட்டார்கள். இன்ஜினும் கியர்பெட்டியும் வந்து உட்கார்ந்த பிறகு பட்டைக்கு அங்கே இடமில்லை. டூர் மோடில் நீண்ட தூரம் போனாலும் முதுகு புகார் சொல்வதில்லை. லேக் மிச்சிகன் கரையோரம் எம்-22 சாலையில் ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டு இறங்கி நேராகச் சாப்பிடப் போனோம், கை கால் நீட்டிக்கொள்ளக்கூட இல்லை.

டிக்கியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். கழற்றிய கூரையையோ இரண்டு கோல்ஃப் பைகளையோ பின்னால் வைக்க முடிய வேண்டும் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். கார்வெட் வாங்குகிறவர்களில் ஓய்வு பெற்றவர்கள் அதிகம், அவர்களுக்குக் கோல்ஃப் பை போகாவிட்டால் கார் போகாது. பின்பக்கம் கொஞ்சம் பருத்துத் தெரிவதற்குக் காரணமே இதுதான். அழகை விட்டுக்கொடுத்து உபயோகத்தை வாங்கியிருக்கிறார்கள், என் ஓட்டும் அதற்கே. ஒரு எச்சரிக்கை: பின் டிக்கி இன்ஜினுக்கும் எக்ஸாஸ்டுக்கும் பக்கத்து வீடு. ஐஸ்கிரீம், தயிர், பூ எதுவானாலும் முன்னால் இருக்கும் தொட்டியில் வையுங்கள்.

எனக்குப் பிடிக்காதது உள்ளே இருக்கும் பட்டன் சுவர். ஓட்டுபவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவே ஒரு நீண்ட முகடு, அதன்மேல் ஏசி, இருக்கைச் சூடு என்று வரிசையாகப் பட்டன்கள். ஒரு பட்டனைத் தேட கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் தனி அறையில் இருப்பதுபோல் ஆகிவிடுகிறார். அம்மாவுக்கோ அந்தச் சுவர் ரொம்பப் பிடித்துப்போனது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முழங்கையைச் சுவரில் சாய்த்து, "இது என் பக்கம், நீ உன் பக்கத்தைப் பார்த்து ஓட்டு" என்றார். 2026 மாடலில் அந்த வரிசையை எடுத்துவிட்டு உள்ளே முழுக்க மாற்றிவிட்டார்கள். புதிது வாங்க வசதி இருப்பவர்கள் அதைப் பாருங்கள். பின்கண்ணாடி வழியாகத் தெரிவது கொஞ்சம்தான். கேமராவோடு வரும் உள்கண்ணாடி இருந்தால் பிரச்சினை இல்லை.

இதே சட்டகத்தின் மேல் பிறகு கட்டியதைப் பார்த்தால்தான் அந்த வார்ப்புகளில் ஏன் அவ்வளவு காசைப் போட்டார்கள் என்பது புரியும். இசட்06-ல் டர்போ இல்லாமலே 670 குதிரைத்திறன் தரும் 5.5 லிட்டர் இன்ஜின், நிமிடத்துக்கு 8,600 சுற்று வரை அலறும். இ-ரேயில் முன் சக்கரங்களுக்கு மின் மோட்டார். இசட்ஆர்1-ல் இரட்டை டர்போவோடு 1,064. அதில் மின் மோட்டாரையும் சேர்த்த இசட்ஆர்1எக்ஸில் 1,250. 2025-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் ஒரு சுற்றை அந்த எக்ஸ் 6 நிமிடம் 49 விநாடியில் முடித்தது. ஓட்டியவர் தொழில்முறைப் பந்தய வீரர் இல்லை, கம்பெனி இன்ஜினியர். அடிப்படை மாடலுக்குச் செய்த எலும்புக்கூட்டையே 495-லிருந்து 1,250 வரை இழுத்திருக்கிறார்கள். ஒரு வார்ப்பின் செலவை இத்தனை மாடல்களுக்குப் பிரித்துப் போட்டால் அந்த 59,995 டாலர் கணக்கு ஓரளவு பிடிபடும்.

முதல் கார்வெட்டிலிருந்து இதுவரை பார்த்திராத ஒன்றும் நடந்தது: ஆலையிலிருந்தே வலப்பக்க ஸ்டீயரிங்கோடு வருகிறது, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பானுக்கு. இந்தியாவுக்கு வருமா என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். செவர்லே 2017-லேயே இந்திய விற்பனையை மூடிவிட்டது, அதனால் அந்த ஆசையை வளர்க்க வேண்டாம்.

வாங்கும் அனுபவம் தனிக் கதை. வந்த புதிதில் ஆலை வேலைநிறுத்தம், பிறகு கொரோனா என்று உற்பத்தி தடுமாறியது, வரிசை நீண்டது. நான் புதிது கேட்டுப் போன ஒரு விற்பனையகத்தில் பட்டியல் விலைக்கு மேல் ஒரு பெரிய தொகையைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். இப்போது புதிதின் ஆரம்ப விலை 70,000 டாலரைத் தாண்டிவிட்டது, ஆனால் பழைய சந்தையில் தேர்வு நிறைய. 2020, 2021 மாடல் பார்த்தால் கியர்பெட்டியின் ஃபில்டரை 7,500 மைலில் மாற்றியதற்குச் சர்வீஸ் சீட்டைக் கேளுங்கள். அது இல்லாமல் விலை பேசாதீர்கள்.

இசட்51 வேண்டுமா என்றால், வேண்டும். பெரிய பிரேக்கும், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் மின்னணு டிஃபரன்ஷியலும் கொடுக்கும் காசுக்கு மேல். 3எல்டியின் தோல் வேலைப்பாடு எனக்கு அவசியமாகப் படவில்லை. 1எல்டியையும் தாண்டிப்போகச் சொல்வேன், காரணம் முன்பக்கத்தை உயர்த்தும் வசதி அதில் கிடையாது. பட்டனைத் தட்டினால் மூன்று விநாடிக்குள் மூக்கு 40 மில்லிமீட்டர் எழும்பும். ஜிபிஎஸ் வைத்து ஆயிரம் இடங்கள் வரை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அங்கே வரும்போது தானாகவே தூக்கிக்கொள்ளும். எங்கள் வீட்டு வாசல் சரிவு, கோயில் பார்க்கிங் நுழைவு, ஆலைக்குப் போகும் ரயில் கேட் மூன்றும் அதில் ஏறியிருக்கின்றன. 2எல்டியிலும் இதைத் தனியாகக் கேட்டு வாங்கியிருந்தால்தான் இருக்கும், எனவே பழைய வண்டி பார்க்கும்போது விற்பவர் வாயால் சொல்வதை நம்பாமல் பட்டனைத் தட்டி மூக்கு எழும்புகிறதா என்று பாருங்கள்.